ஸந்த்: தீக்கடைகோலிலிருந்து முழங்கை வரை

எங்கள் அறபு மத்ரஸாக்களில் மின்ஹாஜ் ஓதியவர்களுக்கு வுழூ பாடத்தில் வரும் ஒரு சிறிய மஸ்அலா நினைவிருக்கும். இரு கைகளையும் முழங்கை வரை கழுவுவது பர்ழு. ஒருவருடைய கை முழங்கைக்குக் கீழே வெட்டுண்டிருந்தால் எஞ்சிய பகுதியைக் கழுவ வேண்டும். முழங்கைக்கு மேலே வெட்டுண்டிருந்தால் மிஞ்சிய புயத்தைக் கழுவுவது ஸுன்னத்து. சரியாக முழங்கை மூட்டிலேயே கை கழன்று போயிருந்தால்? புயவென்பின் தலையைக் கழுவ வேண்டும் என்பதே மஷ்ஹூரான கருத்து என்று இமாம் நவவி (ரஹ்) எழுதுகிறார்கள். கி.பி. 1233இல் பிறந்து 1277இல் மறைந்த அந்த மாமேதையின் நூலில் இது ஒரு வரிக்கும் குறைவான செய்திதான். ஓதுகிற பிள்ளைகள் பெரும்பாலும் அதை மனனம் செய்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவார்கள்.

அந்த அரை வரிக்குள் ஓர் உடற்கூற்றியல் விவாதம் ஒளிந்திருக்கிறது. 'மிர்பக்' என்று அறபில் சொல்லப்படும் முழங்கை எது? முன்னங்கை என்பின் மேல்நுனி மட்டுமா, அல்லது அதுவும் புயவென்பின் கீழ்நுனியும் சேர்ந்த கூட்டா? கூட்டு என்றால், முன்னங்கை முழுவதும் போன பின்பும் முழங்கையின் ஒரு பாதி உடலிலேயே தங்கியிருக்கிறது. அதைக் கழுவும் கடமையும் தங்கியிருக்கிறது. முன்னங்கையின் நுனி மட்டுமே முழங்கை என்றால், கையோடு கடமையும் போய்விட்டது. முன்பு புயவென்பின் தலையைக் கழுவியது மற்றதைக் கழுவும்போது தவிர்க்க முடியாமல் நேர்ந்த ஒன்றுதான். மின்ஹாஜுக்கு விரிவுரை எழுதியவர்கள் இரு தரப்பையும் இப்படித்தான் விளக்குகிறார்கள். ஹனபி மத்ஹபில் இமாம் ஸுபர் அவர்கள் முழங்கையைக் கழுவுவதே கடமையில்லை என்றார். வசனத்திலுள்ள 'இலா' என்ற சொல் எல்லையை உள்ளடக்குமா, வெளியே நிறுத்துமா என்ற இலக்கண வழக்கு அது. ஷாபிஈ விரிவுரையாளர்களின் வழக்கோ இலக்கணத்தோடு நிற்கவில்லை. அது என்பைத் தொட்டுப் பார்க்கிறது.

இன்றைய உடற்கூற்றியல் ஷாபிஈ மஷ்ஹூரின் பக்கமே நிற்கும். முழங்கை என்று தனியாக ஓர் என்பு இல்லை. மேலே புயவென்பு, கீழே ஆரை, அரந்தி என்று இரண்டு. இந்த மூன்றும் ஒரே உறைக்குள் சந்திக்கின்றன. ஒரு மூட்டு என்று நாம் சொல்வது உண்மையில் மூன்று மூட்டுகள்: புயவென்புக்கும் அரந்திக்கும் இடையில் ஒன்று, புயவென்புக்கும் ஆரைக்கும் இடையில் ஒன்று, ஆரைக்கும் அரந்திக்கும் இடையில் ஒன்று. முதலாவது கதவின் கீல் போல மடக்கி நீட்டும். மூன்றாவது உள்ளங்கையை மேலும் கீழுமாகத் திருப்பும். நடுவிலுள்ள இரண்டாவது இரண்டு வேலைக்கும் இடங்கொடுக்கும். ஒரு குவளைத் தேநீரை மேசையிலிருந்து வாய்க்குக் கொண்டுவரும்போது கீல் வேலை செய்கிறது. பூட்டில் திறப்பைத் திருப்பும்போது மற்றது வேலை செய்கிறது.

இந்த இரண்டு வேலைகளையும் பிரித்துச் சொன்னவர்களின் வரலாறுதான் இங்கு என் அக்கறை.

இப்னு ஸீனா (980–1037) தமது 'அல்கானூன்' முதலாம் பாகத்தில் முன்னங்கையைப் பற்றி எழுதும்போது, அது நீளவாக்கில் ஒட்டிக் கிடக்கும் இரண்டு என்புகளால் ஆனது என்றும், அவற்றுக்கு இரண்டு 'ஸந்த்'கள் என்று பெயர் என்றும் தொடங்குகிறார். பெருவிரல் பக்கமாக உள்ளது மேல் ஸந்த், அது மெல்லியது. சின்னவிரல் பக்கமாக உள்ளது கீழ் ஸந்த். தாங்குவது அதுவாகையால் தடித்தது. மேல் ஸந்த் கையைத் திருப்புவதற்கு, கீழ் ஸந்த் மடக்கி நீட்டுவதற்கு. நடுப்பகுதியில் தசைகள் தடித்திருப்பதால் என்புகள் மெலிந்தும், இரு முனைகளிலும் இணையங்கள் பற்ற வேண்டியிருப்பதால் தடித்தும் இருக்கின்றன என்று காரணமும் சொல்கிறார். மேல், கீழ் என்ற பெயர்கள் முதலில் குழப்பும். கையை முன்னால் நீட்டிப் பெருவிரல் வானத்தைப் பார்க்கும்படி வைத்துப் பாருங்கள். ஆரை மேலேயும் அரந்தி கீழேயும் நிற்கும்.

கீழ் ஸந்தின் தலையில் இரண்டு முனைப்புகளும் இடையில் ஒரு பிறைவடிவப் பள்ளமும் உள்ளன. பின்புற முனைப்புத்தான் நாம் மேசையில் ஊன்றிக்கொள்ளும் முழங்கை முனை. அந்தப் பள்ளம் புயவென்பின் உருளையைக் கவ்விப் பிடிக்கிறது. இப்னு ஸீனா அந்தப் பள்ளத்தை வருணிக்கும்போது, கிரேக்கர் எழுதும் ஸீன் எழுத்தைப் போன்றது என்கிறார். அறபு ஸீன் பல் வைத்த எழுத்து; அதற்கும் இதற்கும் ஒப்புமையே இல்லை. பழைய கிரேக்கக் கையெழுத்தில் 'சிக்மா' திறந்த வளையம் போல, பிறை போல எழுதப்பட்டது. கிரேக்க வைத்தியரான கலன் தமது மொழியின் எழுத்தைக் கண்முன் வைத்து அந்த உவமையைச் சொன்னார். அறபில் எழுதிய இப்னு ஸீனா உவமையை மாற்றாமல், 'கிரேக்க எழுத்தில்' என்ற ஒரு குறிப்பை மட்டும் சேர்த்து அப்படியே வைத்துக்கொண்டார். ஐரோப்பியரும் அதை விடவில்லை. 1858இல் லண்டனில் வெளிவந்த ஹென்றி கிரேயின் உடற்கூற்றியல் நூலில் அந்தப் பள்ளத்துக்கு 'பெரிய சிக்மொயிட் குழி' என்றே பெயர். மனிதனின் என்பு ஒன்றின் மேல் ஒரு கிரேக்க எழுத்து பதினேழு நூற்றாண்டுகள் ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது. அந்தக் கிரேக்கரே அவ்வெழுத்தைப் பின்னர் வேறு வடிவில் அச்சிடத் தொடங்கிவிட்ட பிறகும்.

இந்த இடத்தில் சற்று நின்று ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எங்கள் சஞ்சிகைகளிலும் மேடைகளிலும் 'முஸ்லிம் விஞ்ஞானிகள் முதலில் கண்டுபிடித்தவை' என்ற பட்டியல் அடிக்கடி வருகிறது. முழங்கையை அந்தப் பட்டியலில் சேர்க்க முடியாது. இப்னு ஸீனாவின் விவரணத்தின் எலும்புக்கூடு கலனுடையது. அவர் அதை மறைக்கவுமில்லை. கிரேக்க எழுத்தென்று அவரே சொல்லிவிடுகிறார். மறுபுறம், அறபு மொழி கிரேக்க அறிவை ஐரோப்பாவுக்கு அனுப்பிவைத்த தபால் நிலையம் மட்டுமே என்று எழுதிய கீழைத்தேயவியலாளர்களின் கூற்றும் இந்த மூட்டில் வந்து இடறுகிறது. சொற்களைப் பார்த்தால் அது தெரியும்.

கிரேக்கர் ஆரை என்பை 'கெர்கிஸ்' என்றார்கள். தறியில் ஓடும் நாடாவுக்கும் நெசவுக் கோலுக்கும் உரிய சொல் அது. உரோமரான கெல்சஸ் அதையே 'ரேடியஸ்' என்று லத்தீனில் தந்தார். லத்தீனில் அச்சொல் கோல், தறிநாடா, சக்கரத்தின் ஆரக்கால் என்று பல பொருள் தரும். ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் கலனின் நூல்களைச் சிரியாக்கிலும் அறபிலும் பெயர்த்த ஹுனைன் இப்னு இஸ்ஹாக் (809–873) ஹீறா நகரத்துக் கிறிஸ்தவர். தாம் அறிந்த கலனின் நூல்களாக 129ஐப் பட்டியலிட்டு வைத்த உழைப்பாளி. அக்காலத்து அறபு வைத்திய மொழியில் நிலைபெற்ற சொல் தறியிலிருந்து எடுக்கப்பட்டதல்ல. அறபிகளிடம் முன்னங்கை என்புக்கு 'ஸந்த்' என்ற சொல் இருந்தது. பாலைவனத்து வழிப்போக்கன் நெருப்பு மூட்டுவதற்குக் கடையும் கோலுக்கும் அதுவே பெயர். மேலே நின்று சுழலும் கோல் ஸந்த். கீழே கிடக்கும், குழியுள்ள கட்டை ஸந்தா. இரண்டையும் சேர்த்து ஸந்தான். எங்கள் பழந்தமிழில் ஞெலிகோல் என்றது இதைத்தான்.

கையைத் திருப்பும்போது என்ன நடக்கிறது என்று யோசித்தால் இந்தச் சொல்லின் பொருத்தம் வியப்பைத் தருகிறது. ஆரையின் தலை வட்டமானது. அது அரந்தியின் பக்கத்திலுள்ள சிறு குழியில் பதிந்து, ஒரு வளைய இணையத்தால் சுற்றிக் கட்டப்பட்டு, நின்ற இடத்திலேயே சுழல்கிறது. மேற்கோல் சுழல்கிறது, கீழ்க்கோல் அசையாமல் கிடக்கிறது. பெயரிட்டவர்கள் இதை மனத்தில் வைத்துத்தான் பெயரிட்டார்கள் என்று நான் வாதாட மாட்டேன். ஒன்றாகக் கிடக்கும் இரண்டு கோல்கள் என்ற தோற்றமே போதுமாயிருந்திருக்கலாம். ஆனால் கெர்கிஸ் என்ற தறிச்சொல்லைவிட ஸந்த் இந்த மூட்டின் இயக்கத்தை நன்றாகக் காட்டுகிறது.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் தொலேதோ நகரில் இருந்துகொண்டு அல்கானூனை லத்தீனுக்குப் பெயர்த்த கிரெமோனாவின் ஜெரார்ட் (1114–1187) ஸந்தைக் கண்டதும் அதன் நெருப்பையே பிடித்துக்கொண்டார். நெருப்புத் தட்டும் கருவியைக் குறிக்கும் 'போக்கிலே' என்ற சொல்லை அவர் இட்டார். பெரிய போக்கிலே, சிறிய போக்கிலே என்று ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் மூன்று, நான்கு நூற்றாண்டுகளாக மாணவர்கள் பாடம் செய்தார்கள். பின்னர் காலில் உள்ள இரட்டை என்புகளுக்கும் அதே பெயரை நீட்டிவிட்டார்கள். பாலைவனத்துக் கடைகோல் பதுவாவிலும் பாரிசிலும் என்பாகக் கிடந்தது.

அதை வெளியேற்றியவர்கள் பதினாறாம் நூற்றாண்டு மனிதநேயவாதிகள். தூய கிரேக்கமும் தூய லத்தீனும் வேண்டும், அறபுக் கறை வேண்டாம் என்பது அவர்களது கட்சி. அந்திரேயாஸ் வெசாலியஸ் 1538இல் வெளியிட்ட ஆறு படத்தாள்களில் எலும்புக்கூட்டைச் சுற்றிக் கிரேக்கம், லத்தீன், ஹீப்ரு எழுத்தில் அறபு என்று பெயர்கள் நெருக்கியடித்து நிற்கின்றன. 1543இல் வந்த அவரது பெருநூலுக்குப் பின் போக்கிலே மெல்ல மறைந்தது. 1895இல் பாசல் நகரில் உடற்கூற்றியலாளர் கூடிச் சொற்பட்டியலைத் தீர்மானித்தபோது ரேடியஸ், அல்னா என்பவை நிலைபெற்றன.

ஆயினும் முழங்கையை விட்டு அறபு முழுவதும் போகவில்லை. இரத்தம் எடுப்பதற்குத் தாதி முழங்கையின் உட்புறத்தில் கயிறு கட்டித் தேடும் இடத்தில் மூன்று நாளங்கள் சந்திக்கின்றன. அவற்றை இப்னு ஸீனா கீபால், பாஸிலீக், அக்ஹல் என்கிறார். முதல் இரண்டும் கிரேக்க வேரிலிருந்து அறபுக்கு வந்தவை என்பாரும், அறபின் வழியே மருவியவை என்பாரும் உளர். எப்படியாயினும் செபாலிக், பசிலிக் என்று இன்றும் அவை வைத்தியர் வாயில் வாழ்கின்றன. அக்ஹல் மட்டும் நடுநாளம் என்ற பொருளில் பெயர்க்கப்பட்டுவிட்டது. அகழ்ப் போரில் ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்களுக்கு அம்பு தைத்தது அக்ஹலில்தான் என்று ஹதீஸ் சொல்கிறது. பள்ளிவாசலுக்குள் அவர்களுக்குக் கூடாரம் அடிக்கப்பட்டதும், அந்தக் காயமே அவர்களின் உயிரைக் கொண்டுபோனதும் நாம் அறிந்தவை.

சரி, கலன் சொன்னதை இவர்கள் யாரும் சரிபார்க்கவே இல்லையா? கலன் பிரதானமாக அறுத்துப் பார்த்தது குரங்குகளை. மனித என்பைப் பார்க்க விரும்பும் மாணவன் அலெக்சாந்திரியாவுக்குப் போகட்டும் என்று அவரே எழுதினார். மலைப்பாதையில் கொல்லப்பட்டுக் கிடந்த ஒரு கொள்ளைக்காரனின் எலும்புக்கூட்டையும், வெள்ளம் கல்லறையிலிருந்து அடித்துவந்த ஒரு பிரேதத்தையும் தாம் பார்த்ததை அவர் பெரும்பேறாகக் குறிப்பிடுகிறார். எனவே மென்பகுதிகளில் அவர் தவறிய அளவுக்கு என்புகளில் தவறவில்லை.

தவறிய இடங்களைப் பிடித்தவர் அப்துல் லதீப் அல்பக்தாதி (1162–1231). 1200 முதல் 1202 வரை எகிப்தைப் பஞ்சம் சூறையாடியபோது அவர் அங்கிருந்தார். கெய்ரோவை அடுத்த மக்ஸ் என்ற இடத்தில் மலையாகக் குவிந்துகிடந்த எலும்புக்கூடுகளைப் பார்க்கப் போனார். கீழ்த்தாடை இரண்டு என்புகளின் இணைப்பு என்று கலன் எழுதியிருந்தார். பக்தாதியும் அவருடன் சென்றோரும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மண்டையோடுகளைப் பார்த்து, அது ஒரே என்பு, அதில் பொருத்தே இல்லை என்று கண்டார்கள். கலனின் சொல்லைவிடக் கண்ணின் சாட்சியமே உண்மையானது என்று அவர் துணிந்து எழுதினார். திருவென்பு பற்றியும் அவருக்கு மாற்றுக் கருத்து இருந்தது. பசியால் இறந்தவர்களின் குவியலுக்கு நடுவே நின்று ஒருவர் தாடையென்பை எண்ணிக்கொண்டிருந்ததை வாசிக்கும்போது மனம் ஒருமுறை கூசும். அதே நூலில் அந்தப் பஞ்சத்தின் கொடூரங்களை ஈரத்தோடு எழுதியிருப்பவரும் அவரே. முன்னூறுக்கு மேற்பட்ட ஆண்டுகளின் பின் வெசாலியஸ் தாடையைப் பற்றி இதே முடிவுக்கு வந்தபோது பக்தாதியின் நூல் லத்தீனுக்குப் போயிருக்கவில்லை. முழுமையான பிரெஞ்சு மொழிபெயர்ப்பே 1810இல்தான் வந்தது.

பக்தாதி முழங்கையைத் திருத்தவில்லை. திருத்த வேண்டிய ஓரிடம் அங்கும் இருந்தது என்பேன். கீழ் ஸந்த் தாங்குவதால் தடித்தது, மேல் ஸந்த் மெல்லியது என்ற கூற்று முழங்கைப் பக்கத்துக்கு மட்டுமே முழுதாகப் பொருந்தும். மணிக்கட்டை நோக்கி வர வர அரந்தி மெலிந்து, ஆரை தடிக்கிறது. மணிக்கட்டில் இறங்கும் பாரத்தில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கை ஆரையே ஏற்கிறது. மேலே ஒன்று ஆள்கிறது, கீழே மற்றது ஆள்கிறது. கையூன்றி விழுகிறவர்களுக்கு மணிக்கட்டருகே பெரும்பாலும் முறிவது ஆரை என்பதற்கு இதுவே காரணம். ஆரையின் பெருவிரல்பக்க நுனிக்குக் 'கூஉ' என்றும் அரந்தியின் சின்னவிரல்பக்க நுனிக்குக் 'குர்ஸூஉ' என்றும் அறபில் தனித்தனிப் பெயரே உண்டு. இன்று எகிப்தின் பேச்சு வழக்கில் கூஉ என்றால் முழங்கை. பேச்சு வழக்கில் என்புகளும் இடம்பெயரும் போலிருக்கிறது.

ஏட்டறிவுக்கு அப்பால், கையால் தொட்டு வைத்தியம் செய்த ஒருவரையும் சொல்ல வேண்டும். குர்துபாவை அடுத்த அஸ்ஸஹ்ராவில் வாழ்ந்த அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவி (936–1013) தமது 'அத்தஸ்ரீப்' நூலின் முப்பதாவது பகுதியைச் சத்திரசிகிச்சைக்கு ஒதுக்கி, அதில் முறிவுகளையும் மூட்டு விலகல்களையும் அங்கம் அங்கமாகப் பேசுகிறார். முழங்கை விலகுவதும் கடினம், விலகினால் மீள்வதும் கடினம் என்பது அவர் தரும் எச்சரிக்கை. தாமதிக்காமல் பொருத்த வேண்டும் என்கிறார். கிரேக்க வைத்தியத்தில் வேர்கொண்ட கருத்துத்தான். ஆனால் காரணம் என்பிலேயே இருக்கிறது. பிறைப்பள்ளம் உருளையைக் கவ்வுகிறது. முழங்கையை நீட்டினால் பின்முனைப்பு புயவென்பின் பின்குழியில் போய்ப் பூட்டிக்கொள்கிறது. மடக்கினால் முன்முனைப்பு முன்குழிக்குள் இறங்குகிறது. இந்த இரு குழிகளையும் இப்னு ஸீனாவும் குறிக்கிறார். இவ்வளவு இறுக்கமான பூட்டு பெரும் விசையில்லாமல் கழலாது. இருந்தும் வளர்ந்தவர்களின் பெருமூட்டுகளில் தோளுக்கு அடுத்தபடியாக அதிகம் விலகுவது முழங்கைதான். கைநீட்டி விழுவதென்பது மனிதனுக்கு அவ்வளவு இயல்பு.

பதினான்காம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஷீராஸில் மன்ஸூர் இப்னு இல்யாஸ் பாரசீகத்தில் எழுதிய உடற்கூற்று நூலில் முழு உடலையும் காட்டும் வர்ணப் படங்கள் உள்ளன; குந்தியிருப்பது போன்ற அந்த எலும்புக்கூடு அழகாயிருக்கும், துல்லியமாயிராது.

என்பு அளவுகோலாகவும் வேலை செய்தது. அறபில் 'திராஉ' என்றால் முன்னங்கை. அதுவே முழ அளவு. தமிழிலும் முழமும் முழங்கையும் அக்கம்பக்கத்துச் சொற்கள். முழங்கை முனையிலிருந்து நடுவிரல் நுனி வரை. கி.பி. 861இல் கலீபா முதவக்கில் காலத்தில் கெய்ரோவின் ரவ்ழா தீவில் எழுப்பப்பட்ட நைல் அளவுத் தூணில் இந்த முழங்களே பொறிக்கப்பட்டுள்ளன. பதினாறு முழம் நீர் உயர்ந்தால் விளைச்சலும் வரியும் நிச்சயம், குறைந்தால் பஞ்சம். பக்தாதி பார்த்த எலும்புக் குவியல் அந்தத் தூணில் முழம் குறைந்ததால் விளைந்தது.

எங்கள் தீவுக்கு வருவோம். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் இளைஞர்களுக்கு மேலை வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்தார். கிரேயின் நூல் 1872இல் 'மனுஷ அங்காதிபாதம்' என்ற பெயரில் தமிழானது. கலனின் சிக்மாவைச் சுமந்திருந்த அதே நூல். பாக்தாதும் தொலேதோவும் செய்த வேலையை மானிப்பாயும் ஒருமுறை செய்தது என்று சொன்னால் மிகையாகாது.

இன்று எங்கள் பாடசாலை உயிரியலில் வழங்கும் 'ஆரை' ரேடியஸின் மூன்று பொருள்களில் ஆரக்காலைத் தேர்ந்துகொண்ட சொல். கெர்கிஸின் தறிநாடா வழியில் எங்கோ நழுவிவிட்டது. மருதமுனை நெசவாளர் ஒருவர் சொல்லாக்கக் குழுவில் இருந்திருந்தால் அந்த என்புக்கு நாடா என்று பெயர் வைத்திருப்பாரோ என்று சில சமயம் நினைத்துக்கொள்வேன். நவீன அறபின் நிலை இன்னும் வேடிக்கையானது. ஆரைக்கு இப்போது 'கஃபரா' என்று வேறு பெயர். ஸந்த் என்பது அரந்திக்கு மட்டும் உரியதாகிவிட்டது. சுழலும் மேற்கோல் பெயரை இழந்துவிட, அசையாத கீழ்க்கோல் அந்தப் பெயரோடு தனியே கிடக்கிறது.